யார்ர பக்கம்

பத்தரைக்கு வருவாங்க என்றார்கள்.
மணி பதினொன்றரை. கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தடியில்
தார்மேல் வெயில் தண்ணீராய் நடிக்கிறது.
தபால் கந்தோரில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து
முத்திரைப் பசை காயாத விரலோடு வந்து நிற்கிறேன்.
காரணம் என்ற இடத்தில் ‘சொந்த அலுவல்’ என்று போட்டேன்.
சொந்தம் ஒருவரும் ஓடவில்லை.

கல்முனையிலிருந்து பெட்டியோடு வந்த ஆதம்பாவா
வெள்ளரிப்பிஞ்சு பிளந்து தூள் தடவுகிறார்.
நீலச் சட்டைக்கு ஐந்நூறு கட்டியிருக்கிறாராம்.
தெய்வேந்திரத்தின் மருமகனுக்கு வங்கியில் வேலை,
ஆகவே அந்த வீடு முழுக்க வங்கியின் சிவப்பு.
“நீங்க யார்ர பக்கம், மிஸ்?”
“ஒருத்தர்ர பக்கமும் இல்ல.”
“மறுகா என்னத்துக்கு இந்த வெயில்ல?”

விளங்கப்படுத்தினால் சிரிப்பார்.
ராவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு
வாயில் நுழையாத பேருள்ள மலைகளில்
வாயில் நுழையாத பேருள்ள பெடியன்கள் ஏறுவதைப் பார்க்கிறவள் நான்.
முன்னால் தனியே போகிறவன்
பிடிபடக் கூடாது என்று நினைப்பேன்.
துரத்துகிறவன் முகத்தைக் காட்டினால்
பிடித்துவிடட்டும் என்று நினைப்பேன்.
கடைசியில் வருகிறவனைக் காட்டினால், அவன்தான்.
ஒரு மணித்தியாலத்தில் ஏழு தரம் கட்சி மாறிவிட்டு
ஒரு குற்றமும் இல்லாமல் நித்திரைக்குப் போவேன்.

இந்த ஊரில் அது லேசான சங்கதியா?
கோயில் திருவிழாவில் எந்தக் குடி,
தேர்தலில் எந்தச் சின்னம்,
பள்ளிக்கூட மட்சில் எந்தக் கொடி.
இதே பாலத்தில், சைக்கிளை உருட்டிவந்த என்னிடம்
இதே கேள்வியைத் துவக்கோடு கேட்டார்கள்.
வேறு வேறு வருஷம். வேறு வேறு ஆட்கள்.
அப்போதும் இந்தப் பதில்தான்.
அப்போது அது பதிலில்லை.

விசில். மோட்டார்சைக்கிள். வருகிறார்கள்.

வாவிக்கு மேலால் கச்சான் குறுக்கே அடிக்க
கூட்டம் கூட்டமாயில்லை, சாய்ந்துபோய்க் கிடக்கிறது:
வலக்கரையில் ஒருவன் காற்றை நெஞ்சில் வாங்க
அவன் இடத்தோள் மறைவில் அடுத்தவன்,
அவனுக்கு ஒதுங்கி மற்றவன்.
பின்னேரங்களில் நீர்க்காகங்கள் இழுக்கிற அதே கோடு.
நீலமும் சிவப்பும் படையின் பச்சையும்
ஒன்றின் ஒதுக்கில் ஒன்று,
முறைவைத்துக் காற்றை வாங்கிக்கொண்டு.
கோட்டில் இடம் கிடைக்காதவன் கடற்பக்க ஓரத்தில்
வெள்ளைக் கீறலைப் பல்லால் கவ்வினவன்போல் அரைகிறான்.
நூறு தையல் மெஷின் ஒன்றாய் ஓடும் சத்தம்,
தைல வாசம்,
போச்சு.

நாற்பது வினாடி.
ஆதம்பாவாவின் நீலத்தை ஆதம்பாவாவே காணவில்லை.

சனம் கலைகிற நேரம் பின்னால் ஒரு பச்சை.
முன்சில்லு காற்றுப்போய், கையை உயர்த்தி நிற்கிறான்.
இருபது வயதிருக்கும். கன்னத்தில் உப்புப் பூத்திருக்கிறது.
அந்தப் பச்சைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எந்த அணியின் பேரும் எழுதாத மஞ்சள் வண்டியொன்று
வந்து நின்றது.
இறங்கினவன் சட்டையைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்த்தான்.
கழற்றினான், மாட்டினான்,
இடுப்பில் கைவைத்துத் தள்ளிவிட்டான்.
பதினெட்டு வினாடி. எண்ணினேன்.

“ஆர்ர வண்டி அது?” தெய்வேந்திரம் கேட்டார்.
ஒருத்தர்ரயும் இல்ல, எல்லாருக்கும் சில்லுக் குடுக்கிற வண்டி, என்றேன்.
“அப்ப சம்பளம் ஆர் குடுக்கிற?”
நல்ல கேள்வி. தெரியாது.

என் கை தட்டிக்கொண்டிருந்தது.
பச்சைக்கா, வண்டிக்கா, அந்த மனுசனுக்கா என்று
கையிடம் நான் கேட்கவில்லை.
பெடியன் பாலத்தில் ஏறி,
ஒதுங்க ஒரு தோளில்லாமல் காற்றுக்குள் போனான்.
பிடிக்கட்டும், என்றேன்.
உடனே, முன்னால் போகிறதுகளும் பாவம், என்றேன்.

பாதை திறந்து முதல் பஸ் வந்தது.
“ஆர் வெண்ட?” மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் கேட்டான்.
பொத்துவிலில்தான் முடியும், தம்பி.
நான் பார்த்தது நடுவை.